ஆளில்லாத மலை

இரண்டாம் டிவிஷன் லயம்,
ரிங்லெட்.
11-2-1973

அன்புள்ள தம்பி விஜயனுக்கு,

அக்கா எழுதுவது. மழைச்சளியைத் தவிர இங்கே யாருக்கும் ஒரு குறையும் இல்லை. ஈப்போ வெயிலில் நீயும் சரோஜாவும் சுகமாக இருப்பீர்கள்.

தொழிற்சங்க ஆண்டுக்கூட்டக் குலுக்கலில் உன் மாமாவுக்கு ஒரு பரிசு விழுந்தது. தையல் மிஷினுக்குத்தான் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். வந்ததோ ஒரு கறுப்பு டப்பா கேமரா. அவர் அதைத் தொடவே பயப்படுகிறார். தேயிலை ஆலையில் அத்தனை பெரிய மிஷினை ஓட்டுகிற மனிதர்! நான் எடுத்துக்கொண்டேன்.

நம் தோட்டத்து லயத்தில் கேமரா வந்தால் ஒன்று அடையாள அட்டை ஐ.சி. படத்துக்கு, இல்லாவிட்டால் சாவு வீட்டுக்கு. அதனால் நான் டப்பாவைத் தூக்கினாலே பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஓடுகிறார்கள். சரி, ஓடாதது எது என்று பார்த்தேன். மலைதான் ஓடவில்லை. மலையையே எடுத்தேன். இருபது வருஷமாகக் கொழுந்தெடுக்கிற மலைதான். ஆனால் அந்தச் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது வேறு யாரோ ஒருவருடைய மலை போல இருந்தது. பிலிம் சுருளைப் பஸ்ஸில் கொடுத்துவிட்டிருக்கிறேன். உன் ஸ்டூடியோவில் கழுவி அனுப்பு.

நீ கேட்ட அம்மா படம் அதில் இல்லை. கேட்டுப் பார்த்துவிட்டேன். அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கோபப்படாதே. "கல்யாணத்தையே படத்துல காட்டுனவன்லா அவன். என்னையும் படத்துல பாத்துட்டா இங்க எதுக்கு வரப் போறான்? என் மூஞ்சிய பாக்கணும்னா பஸ் ஏறி வரச் சொல்லு."

வேறு என்ன எழுத? ஒருநாள் வந்துவிட்டுப் போ.

அன்புடன்,
அக்கா நவமணி


ஈப்போ
4-3-1973

அன்பு அக்காவுக்கும் மாமாவுக்கும் வணக்கம்.

சளிக்கு இஞ்சி வைத்துக் குடியுங்கள். நாங்கள் நலம். சரோஜா உங்களை விசாரித்தாள்.

சுருளைக் கழுவினேன். சுருளோடு வந்த சீட்டில் ஒரு படத்துக்குப் பின்னால் 'சிலந்தி வலை' என்று எழுதச் சொல்லியிருந்தீர்கள். வலை எங்கே அக்கா? மூக்கைத் துடைத்த துணி ஒன்றுதான் எனக்குத் தெரிகிறது. டப்பா கேமராவோடு அவ்வளவு கிட்டே போகக்கூடாது. நாலடி தள்ளி நில்லுங்கள். வெயில் உங்கள் முதுகில் விழட்டும். மற்றபடி, சும்மா சொல்லக்கூடாது, உங்களுக்குக் கண் இருக்கிறது. பெரணிக் குருத்து சுருண்டு நிற்கிற படத்தை எங்கள் முதலாளி பழனியப்பன் இரண்டு தடவை கையில் எடுத்துப் பார்த்தார். அவர் சாமானியமாக எதையும் இரண்டு தடவை பார்க்கிறவர் இல்லை.

ஆனால் நான் மலையையா கேட்டேன்? வீட்டுக்கு வருகிறவர்கள் உன் அம்மா எங்கே என்று கேட்கிறார்கள். சுவரில் காட்ட ஒன்றும் இல்லை. ஐ.சி. படத்தில் இருப்பது அம்மாவே இல்லை, போலீசைக் கண்டு மிரண்ட யாரோ.

கல்யாணத்தைப் பற்றி மறுபடி மறுபடி எழுத வேண்டாம். சரோஜாவின் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவசரமாக நடந்தது. சொல்ல நேரமில்லை. அம்மா ஒரு வார்த்தை 'வா' என்று நேராகச் சொல்லட்டும், வருகிறேன். இப்போது ஸ்டூடியோவில் படத்தைத் திருத்துகிற டச்-அப் வேலைக்கு என்னை விட்டால் ஆளில்லை.

தம்பி,
விஜயன்


இரண்டாம் டிவிஷன்
25-3-1973

தம்பிக்கு,

சுகம் விசாரித்ததாக வைத்துக்கொள்.

சொல்ல நேரமில்லையா? போட்டோ பிடிக்க நேரமிருந்தது. அதைக் கழுவி, அழகு பார்த்து, உறையில் போட்டு, தபால்தலை ஒட்ட நேரமிருந்தது. பெற்றவளுக்குச் சொல்லத்தான் நேரமில்லை. அன்றைக்கு அம்மா கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, உறையைப் பிரித்தாள். பிள்ளை காசு அனுப்பியிருக்கிறான் என்று பக்கத்து வீட்டு வேலம்மாவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டே பிரித்தாள். உள்ளே மாலையும் கழுத்துமாக நீங்கள் இருவரும். வேலம்மாவும் பார்த்தாள். அதற்குப் பிறகு அம்மா 'வா' என்று வேறு சொல்ல வேண்டுமா?

தன் படத்தை எடுத்து உனக்கு அனுப்பக்கூடாது என்று மாரியம்மன் மேல் என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். நானும் செய்துகொடுத்துவிட்டேன். மலையை எடுத்து அனுப்பக்கூடாது என்று யாரும் சத்தியம் வாங்கவில்லை.

இரண்டாவது சுருள் வருகிறது. காய்ச்சல் என்று வேலை வாங்குகிற மண்டோரிடம் பொய் சொல்லிவிட்டு விடியற்காலையில் எதிர்மலையில் ஏறி எடுத்தது. கீழே ஏரிப்பக்கம் பனி மூடிக் கிடந்தது. எங்கள் மேல்மலையில் மட்டும் வெயில் இறங்கி, ஒவ்வொரு தேயிலை நிரைக்கும் பக்கத்தில் ஒரு நிழல் படுத்திருந்தது. நம் ஆட்கள் அப்போதுதான் நிரையில் இறங்கியிருந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாள் அதற்குள்ளேயே குனிந்து கிடந்தால் எப்படித் தெரியும்?

அதில் மூன்றாவது படத்தை மட்டும் மேலோட்டமாகப் பார்த்துத் தள்ளிவிடாதே. பாறைக்குப் பக்கத்தில் வெயில் விழுகிற இடத்தை லென்ஸ் வைத்துப் பார். நன்றாகப் பார்.

அக்கா


ஈப்போ
6-5-1973

அன்பு அக்காவுக்கு,

எல்லாரும் சுகம்தானே? தாமதத்துக்கு மன்னியுங்கள். நல்ல செய்தியோடு எழுதலாம் என்று இருந்தேன்.

அந்த மூன்றாவது படம்! நூற்றில் ஒன்று அக்கா. பச்சைப் பாய் விரித்தது போல மலை, கீழே பனி. அப்படி ஒரு வெளிச்சம் எனக்கே ஒருநாளும் கிடைத்ததில்லை. முதலாளி அதைப் பெரிதாக்கிக் கண்ணாடிக்குள் வைத்தார். ஒரு மொத்த வியாபாரி கடைக்கு வந்தவர் பார்த்துவிட்டு, அடுத்த வருஷக் கேலண்டருக்கு இதுதான் வேண்டும் என்கிறார். எப்போதும் சாமி படம் போடுகிறவர்! ஊர் ஊராகப் போகும். உங்கள் மலையை எல்லாரும் பார்க்கப் போகிறார்கள். நானே கையால் வண்ணம் தீட்டப் போகிறேன்.

பாறையையும் பார்த்தேன். நல்ல பாறை. ஆட்கள் நாலைந்து பேர்தான் குறுக்கே நிற்கிறார்கள். வியாபாரிக்கு இயற்கைக் காட்சி சுத்தமாக வேண்டுமாம். அதற்கெல்லாம் எங்களிடம் வழி இருக்கிறது, கவலைப்படாதீர்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள், மகள் எடுத்து மகன் தீட்டிய படம் என்று. அதிலாவது மனம் இறங்கட்டும்.

தம்பி,
விஜயன்


இரண்டாம் டிவிஷன்
13-5-1973

விஜயா,

கடிதம் கிடைத்த கையோடு எழுதுகிறேன். என்ன வழி இருக்கிறது உங்களிடம்? குறுக்கே நிற்கிறார்கள் என்றால் என்ன அர்த்தம்? அவர்கள் அங்கேதான் நிற்பார்கள். அது அவர்கள் நிற்கிற இடம்.

ஒருவர் மேலும் கை வைக்காதே. மறுபடியும் லென்ஸை எடு. பாறைக்குப் பக்கத்தில் பார். இதற்கு மேல் நான் வாய் திறக்க முடியாது, அம்மன் மேல் சத்தியம் செய்திருக்கிறேன். உனக்குக் கண்ணிருந்தால் தெரியும்.

உடனே பதில் போடு.

நவமணி


ஈப்போ
21-10-1973

அன்பு அக்கா, மாமா, பிள்ளைகள் எல்லாருக்கும் எங்கள் தீபாவளி வாழ்த்துகள்.

இத்தனை மாதம் எழுதாமல் இருந்துவிட்டேன். வேலை கழுத்தை நெரிக்கிறது. சரோஜா பிள்ளைகளுக்குச் சட்டை தைத்திருக்கிறாள், பஸ்ஸில் கொடுத்துவிட்டிருக்கிறேன். அளவு சரியாக இருக்கிறதா என்று எழுதுங்கள்.

கேலண்டர் அச்சாகிவிட்டது. ரிங்லெட் மளிகைக் கடைக்கும் கட்டு வரும். கீழே ஓரத்தில் உங்கள் பெயர் இருக்கிறது. சிறிய எழுத்துதான், ஆனாலும் இருக்கிறது.

தீபாவளிக்கு வர முடியவில்லை. அம்மா இட்லிக்கு அரைக்கும்போது என்னை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தம்பி,
விஜயன்


இரண்டாம் டிவிஷன்
9-12-1973

விஜயனுக்கு,

சட்டை அளவு சரியாக இருந்தது. சரோஜாவுக்கு என் நன்றியைச் சொல். இந்தக் கடிதத்தில் நல்ல வார்த்தை இந்த ஒன்றுதான்.

கேலண்டர் வந்தது. சம்பளத்தன்று ரிங்லெட் கடையில் சாமான் வாங்கியவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒன்று சுருட்டிக் கொடுத்தார்கள். "நவமணி எடுத்த படமாமே!" என்று வேலம்மா கடைவாசலிலேயே பிரித்துக் காட்டினாள். அம்மா பக்கத்தில் அரிசிப் பையோடு நின்றாள்.

சத்தியத்தை இப்போது உடைக்கிறேன். அம்மன் என்னைக் கேட்டுக்கொள்ளட்டும். பாறைக்குப் பக்கத்தில் தலையில் வெள்ளைத் துண்டோடு நின்றது அம்மா. மற்றவர்கள் குனிந்திருந்தார்கள், அவள் ஒருத்திதான் நிமிர்ந்து நின்றாள். நான் எதிர்மலையில் ஏறியதை அவள் பார்த்திருக்கிறாள். தெரியாதது போலக் கூடையைச் சரிசெய்துகொண்டு, துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு, இந்தப் பக்கம் திரும்பி நின்றாள். வாய் வேண்டாம் என்று சொன்னது. அவள் நின்றது உனக்காக. அதை நான் பிடித்தேன். பிடித்து உன் கையில் கொடுத்தேன்.

கடையில் அம்மா கேலண்டரைக் கிட்டே வாங்கிப் பார்த்தாள். விரலை வைத்துப் பாறையைத் தேடினாள். பாறை இருந்தது. "இது நான் நின்ன எடம்லா? நான் எங்க?" என்றாள். பிறகு படத்தில் வேலம்மாவைத் தேடினாள். பக்கத்து நிரை அம்மாக்கண்ணுவைத் தேடினாள். ஒருத்தியும் இல்லை. "அச்சுல போயிருக்குமோ?" என்று கேட்டாள். அப்போதும் உன்னைக் காப்பாற்றத்தான் பார்த்தாள். மொத்த வியாபாரி சொல்லக் கேட்டிருந்த கடைக்கார முதலாளி பெருமையாகச் சொல்லிவிட்டார்: "அதெல்லாம் ஈப்போவுல ஒங்க மகன் அழிச்சதுதான். எவ்வளவு நைசா அழிச்சிருக்காரு, ஒரு தடம் தெரியுதா பாருங்க!"

உண்மைதான். ஒரு தடம் தெரியவில்லை.

பச்சைப் பாய் என்று எழுதினாயே, அந்தப் பாயை விரித்தது யார்? கவ்வாத்து வெட்டாமல், கொழுந்து எடுக்காமல் மூன்று வருஷம் விட்டுப் பார். ஆள் உயரத்துக்குக் காடாகிவிடும், பன்றி வந்து படுக்கும். உன் வியாபாரி அதைக் கேலண்டரில் போடுவாரா? அந்த நிரையும் நிழலும் மழை பெய்து தானாக வந்தது என்று நினைத்தாயா? மலை அழகாக இருக்க வேண்டும், அதை அழகாக்கின கை மட்டும் இருக்கக்கூடாது. துரைமார்கூட எங்களை அடித்தார்கள், வைதார்கள், ஆனால் மலையில் ஆளே இல்லை என்று சொன்னதில்லை. அதைச் சொல்ல லயத்தில் பிறந்த நீ வேண்டியிருந்தது.

நான் ஒரு நல்ல காட்சியைப் பார்த்தேன், அதை உன்னோடு பங்குபோட்டுக்கொள்ள ஆசைப்பட்டேன். அதற்கு எனக்கு நல்ல பாடம்.

இப்போது லயத்தில் வீட்டுக்கு வீடு அது தொங்குகிறது. எல்லாரும் என்னைப் பாராட்டுகிறார்கள். நம் வீட்டில் மட்டும் ஆணி வெறுமையாக இருக்கிறது.

கழுவிய பிலிம் உன்னிடம்தானே இருக்கிறது? அதிலிருந்து அம்மாவை மறுபடி எடுத்துப் பெரிதாக்கி அனுப்பு. அவள் கையில் கொடுக்க வேண்டும்.

நவமணி


ஈப்போ
20-12-1973

அக்காவுக்கு,

நலமா என்று கேட்க எனக்குத் தகுதியில்லை என்பீர்கள். ஆனாலும் கேட்கிறேன்.

எனக்கும் கோபம் இருக்கிறது அக்கா. ஒரு வார்த்தை, 'அது அம்மா' என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் நான் கை வைத்திருப்பேனா? மாரியம்மன் உங்களைச் சுட்டுவிடுவாளா? நல்ல பாறை என்று நான் மடையன் மாதிரி எழுதியபோதுகூட விடுகதையாகவே பதில் போட்டீர்கள். அந்தக் கடிதம் வருவதற்கு முன்பே வேலை முடிந்துவிட்டது. அதனால்தான் ஐந்து மாதம் எழுதவில்லை. எழுதப் பயமாக இருந்தது.

என் தொழிலே இதுதான். அம்மைத் தழும்பை எடு, மச்சத்தை எடு, தொங்குகிற கன்னத்தைத் தூக்கு, பக்கத்தில் நிற்கிற பிடிக்காத மச்சானை எடு. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆட்கள் என்னிடம் இதைத்தான் கேட்கிறார்கள். வெள்ளைத் துண்டு பிலிமில் கறுப்புப் புள்ளியாகத்தான் தெரியும். கறுப்புப் புள்ளியைக் கண்டால் என் கை தானாகக் கத்தியை எடுக்கும். ஆட்கள் என்று தெரியும். யார் என்று பார்க்கவில்லை.

பிலிம் கேட்டிருக்கிறீர்கள். நேற்று எடுத்து விளக்கில் வைத்துப் பார்த்தேன். சுரண்டிய இடத்தில் ஒன்றும் மிச்சமில்லை. அந்தக் கத்தி இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது. இன்றைக்கு ஒரு கல்யாணப் பெண்ணின் முகத்தைத் தொட முடியாமல் எழுந்து வந்துவிட்டேன். முதலாளி திட்டினார்.

பொங்கலுக்கு வருகிறேன். அம்மா கூப்பிட வேண்டாம். நானே வருகிறேன். வந்து காலில் விழுகிறேன். சொல்லிவையுங்கள்.

விஜயன்


இரண்டாம் டிவிஷன்
18-1-1974

விஜயனுக்கு,

நீ பொங்கலன்று எங்கே இருந்தாய் என்று எனக்குத் தெரியும். அதனால் 'உடம்பு சரியில்லை' என்று எழுதி என்னை ஏமாற்ற நினைக்காதே.

ரிங்லெட் கோப்பிக்கடை சாம்பசிவம் அண்ணன் சொன்னார். "ஒன் தம்பி வந்தாப்ல நவமணி. கையில பெரிய பை. கோப்பி கேட்டாப்ல. சுவத்துல இருக்குற கேலண்டரப் பாத்துக்கிட்டே இருந்தாப்ல. கோப்பி ஆறிப் போச்சு. எதிர்ல கீழ எறங்குற தாப்பா பஸ் வந்துச்சு, ஏறிப் போயிட்டாப்ல."

ஈப்போவிலிருந்து அத்தனை வளைவும் வாந்தியும் தாண்டி வந்தவனுக்கு, மிச்சம் இருந்த மேட்டை ஏற முடியவில்லை. உன் கை செய்ததை உன் கண்ணால் பார்க்க முடியவில்லை, ஓடிவிட்டாய். நாங்கள் தினமும் பார்க்கிறோமே?

நீ வருகிறாய் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அவள் மண்டோரிடம் ஒருநாள் லீவு, சூத்தி, கேட்டு வாங்கினாள். கோழி அடித்தாள். சரோஜாவும் வருவாள் என்று புதுப்பாய் எடுத்துப்போட்டாள். கடைசி பஸ்ஸின் சத்தம் மேலே ஏறிப் போகிற வரைக்கும் வாசலில் நின்றாள். பிறகு குழம்பைப் பிள்ளைகளுக்கு ஊற்றினாள். தான் சாப்பிடவில்லை. எனக்கு உன் மேல் எவ்வளவு ஆத்திரம் என்று எழுதிக் காட்ட முடியாது. எழுதினால் காகிதம் கிழிந்துவிடும்.

சாம்பசிவம் அண்ணன் சொன்னதை நேற்றுத்தான் அம்மாவிடம் சொன்னேன். மறைத்திருக்கலாம். மறைத்து மறைத்துத்தான் இவ்வளவும் வந்தது. கேட்டுவிட்டு அடுப்பை அணைத்தாள். பிறகு என் பெட்டியைத் திறந்து மஞ்சள் புடவையை எடுத்தாள்.

இந்தக் கடிதத்துக்கு நான் தபால்தலை ஒட்டவில்லை. கொண்டுவருகிறவரிடம் பதிலைச் சொல்.

நவமணி


ஈப்போ
22-1-1974

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி சரோஜா முதல்முறையாக எழுதுகிறேன். அத்தை சுகமாக வந்து சேர்ந்தார்கள். பஸ்ஸில் இரண்டு தடவை வாந்தி எடுத்ததாகச் சொன்னார்கள், இப்போது நன்றாக இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் கூட வந்து வீட்டில் விடுகிறோம். அவர் எழுத உட்கார்ந்து மூன்று காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டார். அதனால் நான் எழுதுகிறேன்.

அத்தை வீட்டுக்கு வரவில்லை. விசாரித்துக்கொண்டு நேராக ஸ்டூடியோவுக்குப் போயிருக்கிறார்கள். நான் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோன நேரம். முதலாளி யாரோ வாடிக்கையாளர் என்று நினைத்து, "உக்காருங்கம்மா, ஐ.சி. படமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து வந்த இவர் அப்படியே நின்றுவிட்டார். அத்தை உங்கள் கடிதத்தை நீட்டினார்கள். இவர் படித்தார். காலில் விழப் போனார். "அதெல்லாம் அப்புறம்" என்று அத்தை தள்ளி நின்றுகொண்டார்கள்.

அப்போதுதான் என்னைப் பார்த்தார்கள்.

அண்ணி, உங்களுக்குத் தெரியாத ஒன்றை எழுதுகிறேன். என் இடது கன்னத்தில் கண்ணிலிருந்து தாடை வரை தீப்பட்ட தழும்பு இருக்கிறது. சின்ன வயதில் மண்ணெண்ணெய் அடுப்பு வெடித்தது. உங்களுக்கு அனுப்பிய கல்யாணப் படத்தில் அது இல்லை. "உங்க அம்மா என்னப் பாக்கப் போறது இந்தப் படத்துலதானே? என் மூஞ்சியோடவே அனுப்புங்களேன்" என்று நான் கேட்டேன். அம்மா முதலில் இப்படிப் பார்த்தால் போதும், பிறகு மெல்லச் சொல்லிக்கொள்ளலாம் என்றார். அவர் ஊருக்கு என்னை அழைத்துப் போகாததற்கு அதுதான் காரணம். அந்தப் படத்தை நான் எங்கள் வீட்டுச் சுவரில் மாட்ட விடவில்லை. அதைத் தவிர வேறு எதையும் அவரிடம் நான் கோபமாகச் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அத்தை கிட்டே வந்து, தேயிலைக் கறை படிந்த விரலால் என் கன்னத்தைத் தடவினார்கள். நான் குனிந்துகொண்டேன். நிமிர்த்தினார்கள்.

"நீதான் சரோஜாவா?"

"ஆமாங்கத்தை."

"படத்துல இது இல்லியே."

அத்தை இவர் பக்கம் திரும்பினார்கள். இவர் சுவரோடு சுவராக நின்றார்.

"இவளையுமாடா?" என்றார்கள். அவ்வளவு நேரமும் கட்டிவைத்திருந்த கோபம் அந்த ஒரு வார்த்தையில் வந்தது. கடையில் இருந்த வேறு வாடிக்கையாளர்கள்கூட எழுந்து நின்றுவிட்டார்கள்.

பிறகு அத்தை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், கேமரா முன்னால் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள். என்னையும் பக்கத்தில் உட்காரவைத்தார்கள், தழும்பு இருக்கிற பக்கம் வெளிச்சத்தில் தெரியும்படி. முதலாளி பவுடர் டப்பாவைக் கொண்டுவந்தார். "வேணாம்லா, எடுத்துட்டுப் போங்க" என்றார்கள். பின்னால் ஏரியும் மலையும் எழுதிய திரை தொங்கியது. திரும்பிப் பார்த்து, "அதையும் சுருட்டு" என்றார்கள். சுருட்டினார். பின்னால் காரை பெயர்ந்த சுவர்தான் இருந்தது.

இவர் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார்.

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்து, கேமராவை நேராகப் பார்த்துச் சொன்னார்கள்:

"அங்க தூரத்துல சின்னதா இருந்தோம், ஒனக்குத் தெரியல. சரி. இப்ப ரெண்டு பேரும் முன்னாடியே உக்காந்திருக்கோம். அழிடா, பாப்போம்."

அவர் துணிக்குள்ளிருந்து வெகுநேரம் வெளியே வரவில்லை.

இப்படிக்கு,
சரோஜா